உப்பளத்து உள்ளான்கள்

எங்கள் ஊரில் உள்ளான் என்றால் கறி. கார்த்திகையில் மழை விட்ட சாயங்காலங்களில், சைக்கிள் கைப்பிடியில் காலைக் கட்டித் தொங்கவிட்ட பறவைக் கொத்துகளோடு ஆட்கள் தெருவுக்குள் வருவார்கள். திண்ணையில் பேரம் நடக்கும். இறகைப் பிய்த்துவிட்டால் கட்டைவிரல் பருமனுக்குத்தான் சதை தேறும். ஒரு குழம்புக்கு ஒரு கொத்து வேண்டும். நெஞ்சுச் சளிக்கு நல்லது என்பார்கள். வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டம் 1972இலேயே வந்துவிட்டது என்ற செய்தி 1980களின் வேதாரண்யத்துத் தெருக்களுக்கு எட்டியிருக்கவில்லை. பெரிய உள்ளான், சின்ன உள்ளான் என்று இரண்டே வகைதான் எங்களுக்குத் தெரியும். மழையோடு வரும், வெயில் ஏறினால் போய்விடும். எங்கிருந்து வருகிறது என்று யாரும் கேட்டு நான் கேட்டதில்லை.

அப்பா உப்பளத்தில் கணக்கு எழுதினார். பள்ளி விடுமுறை நாட்களில் அவருடைய சைக்கிளின் பின்னால் உட்கார்ந்து அகஸ்தியம்பள்ளி வழியாகப் போவேன். 1930 ஏப்ரலில் ராஜாஜியும் தொண்டர்களும் உப்பெடுத்த இடத்தில் நிற்கும் நினைவுத் தூணை ஒவ்வொரு முறையும் புதிதாகக் காட்டுவதுபோல் காட்டுவார். அதைத் தாண்டினால் இரண்டு பக்கமும் தண்ணீரும் சேறும்தான். அப்படிப் போன ஒரு நாளில்தான், பறவையைப் பிடித்து மறுபடியும் விட்டுவிடுகிற மனிதர்களைப் பார்த்தேன்.

பம்பாய் இயற்கை வரலாற்றுக் கழகத்தின் முகாம் அது. சாலிம் அலி 1960களிலேயே கோடியக்கரையில் பறவைகளுக்கு வளையம் மாட்டும் வேலையைத் தொடங்கிவைத்திருந்தார். 80களில் அது பெரிய அளவில் நடந்தது. வலை விரித்தவர்களில் பீகாரிலிருந்து வந்தவர்கள் இருந்தார்கள், பரம்பரை பரம்பரையாகப் பறவை பிடிப்பவர்கள். துணிப்பைக்குள்ளிருந்து ஒவ்வொன்றாக எடுத்து, அலகை அளந்து, இறக்கையை அளந்து, எடை போட்டு, நோட்டில் எழுதினார்கள். காலில் ஓர் அலுமினிய வளையத்தை வைத்து இடுக்கியால் நெருக்கி மூடினார்கள். பிறகு கையை விரித்தார்கள். பறவை போய்விட்டது. அவ்வளவுதான் வேலை. வளையத்தில் ஓர் எண்ணும், கண்டால் கழகத்துக்குத் தெரிவிக்கவும் என்ற வாசகமும் பொறித்திருந்தன.

அவர்களில் ஒருவர் ஒரு கொசு உள்ளானை என் உள்ளங்கையில் வைத்தார். எடையே தெரியவில்லை. இருபது கிராமுக்குச் சற்று மேலே இருக்கும். நெஞ்சு அடித்துக்கொள்வது மட்டும் விரல்களில் நடுக்கமாகப் பட்டது. "இது எங்கேருந்து வருது தெரியுமா தம்பி? சைபீரியா. பூமியோட வட கோடி" என்றார். அன்றிரவு அட்லஸை விரித்து வேதாரண்யத்திலிருந்து விரலை நகர்த்தினேன். இமயமலை, அதற்கு மேலே திபெத்து, மங்கோலியா, அதற்கும் மேலே பெயர்களே இல்லாத வெள்ளை நிலம். விரல் நின்ற இடத்தில் படம் முடிந்துவிட்டது. அதற்குப் பிறகு நான் உள்ளான் கறியைத் தொடவில்லை. கொஞ்ச நாளில் அம்மாவும் வாங்குவதை நிறுத்திக்கொண்டாள்.

கோடியக்கரையைத் தெரியாதவர்களுக்கு அந்த நிலத்தைப் பற்றிச் சொல்ல வேண்டும். வடக்கிலிருந்து நேராக இறங்கிவரும் சோழமண்டலக் கரை அங்கே வந்து சட்டென்று மேற்கே திரும்புகிறது. கிழக்கே வங்கக் கடல், தெற்கே பாக் நீரிணை. திரும்பும் மூலையில் பாலை மரங்கள் அடர்ந்த ஒரு காடும், வெளிமான்கள் மேயும் புல்வெளியும் இருக்கின்றன. அவற்றுக்காகத்தான் 1967இல் சுமார் 17 சதுர கிலோமீட்டர் பரப்பு சரணாலயமாக அறிவிக்கப்பட்டது. பறவைகளின் பெரும்பங்கு அதற்கு வெளியே, மேற்கே முத்துப்பேட்டை அலையாத்திக் காடுவரை ஏறக்குறைய 48 கிலோமீட்டர் நீண்டு கிடக்கும் வேதாரண்யம் சதுப்பில் இருக்கிறது. உப்பளங்களையும் சேர்த்து 38,500 ஹெக்டேர் 2002இல் உலக முக்கியத்துவம் உள்ள சதுப்பு நிலங்களின் ராம்சார் பட்டியலில் சேர்ந்தது. அதற்குப் பிறகும் வருவாய்ப் பதிவேடுகளைப் புரட்டுகிறவர்களும் சாலையில் போகிறவர்களும் இதைத் தரிசு என்றே நினைக்கிறார்கள். நான் இத்தனை காலம் படம் எடுத்ததெல்லாம் இந்தத் தரிசு என்ற நினைப்பை மாற்றத்தான்.

இங்கே கடலின் ஏற்றவற்றம் குறைவு. தண்ணீரை நகர்த்துவது காற்று. கரைக்காரர்கள் எல்லோருக்கும் இது தெரியும். வாடை பலமாக அடித்தால் தெற்குக் கரையில் தண்ணீர் பின்வாங்கிச் சேறு வெளியே தெரியும். காற்று திரும்பினால் அந்தச் சேறு மூழ்கிவிடும். உள்ளான்கள் இருக்கும் இடமும் அதோடு மாறும். நேற்றைக்கு ஆயிரக்கணக்கில் இருந்த இடத்தில் இன்றைக்கு ஒன்றுகூட இருக்காது. வெளியூர்ப் படக்காரர்கள் கைபேசியில் இடத்தைக் குறித்துக்கொண்டு வருகிறார்கள். நான் முதலில் காற்றைப் பார்ப்பேன், பிறகுதான் கேமராப் பையை எடுப்பேன். வேட்டைத் தடுப்புக் காவலராக இருந்த ஒரு பெரியவர் எனக்குக் கற்றுக்கொடுத்த பாடம் அது. எந்தப் புத்தகமும் அவர் அளவுக்கு எனக்குச் சொல்லித்தரவில்லை.

சேற்றில் என்ன இருக்கிறது என்பதை உப்பளத்துக்காரன் மகனாக நான் வேறொரு வழியில் தெரிந்துகொண்டேன். கடல்நீரில் லிட்டருக்குச் சுமார் 35 கிராம் உப்பு. அதைப் பெரிய நீர்த்தேக்கத்தில் ஏற்றி, பாத்தி பாத்தியாகக் கடத்தி, வெயிலில் வற்றவைக்கிறார்கள். முதல் தேக்கத்தில் மீனும் இறாலும் உண்டு. கூழைக்கடாவும் நாரையும் ஆலாவும் அங்கே இருக்கும். உப்பு ஏற ஏற மீன் செத்துவிடும். அதற்கடுத்த பாத்திகளில் ஆர்டீமியா என்ற உப்புநீர் இறாலும், உப்பு ஈயின் புழுக்களும், பாசியும்தான் பிழைக்கும். அங்கே பூநாரை வரும், நெடுங்கால் உள்ளான் வரும். கடைசிப் பாத்தியில் உப்பு பூக்கும்போது பறவை தின்ன எதுவும் இருக்காது, பறவையும் இருக்காது. எந்தப் பாத்தியில் எந்தப் பறவை நிற்கிறது என்று பார்த்தே அந்தத் தண்ணீரின் உப்பைக் கணித்துவிடலாம். அப்பா அதைக் கருவி வைத்து அளந்தார். நான் தொலைநோக்கியால் அளக்கக் கற்றேன்.

வேலைக்குப் போய் முதலில் வாங்கிய பெரிய பொருள் ஒரு பழைய ஃபிலிம் கேமராவும் 300 மில்லிமீட்டர் லென்ஸும். ஒரு சுருளுக்கு 36 படம். சுருளைக் கழுவச் சென்னைக்கு அனுப்பிவிட்டுக் காத்திருக்க வேண்டும். காத்திருந்து வந்த ஸ்லைடுகளை ஜன்னல் வெளிச்சத்தில் பிடித்துப் பார்ப்பேன். ஒரு படத்துக்கு ஆகும் செலவு மனதில் இருந்ததால், விரல் அழுத்துவதற்கு முன்னால் கண் நிறையப் பார்த்தது. மா. கிருஷ்ணன் தானே பாகங்களைச் சேர்த்து அமைத்த கனமான கேமராவைத் தூக்கிக்கொண்டு காடுகளில் கறுப்பு வெள்ளையில் எடுத்த படங்களைப் பார்த்த பிறகு, என் கருவியைப் பற்றி நான் குறை சொன்னதே இல்லை. அவர் படங்களில் விலங்கு அதன் இடத்தில் நிற்கும். அந்த இடமும் படத்தில் இருக்கும். பறவையை மட்டும் பெரிதாக்கி, பின்னணியைக் கரைத்துவிடும் இன்றைய படங்கள் அழகானவைதான். ஆனால் சேறு தெரியாத உள்ளான் படத்தில் பாதி உண்மை காணாமல் போய்விடுகிறது என்று எனக்குத் தோன்றும்.

கோடியக்கரையில் காலை வெளிச்சம் ஒரு வரம். சூரியன் கடலிலிருந்து எழும். கடலுக்கு முதுகைக் காட்டி மேற்கே பார்த்துப் படுத்துக்கொண்டால் வெளிச்சம் முழுக்கப் பறவையின் மேல் விழும். படுக்க வேண்டும் என்பது முக்கியம். நின்று எடுத்தால் உள்ளான் கீழே கிடக்கும் ஒரு பொட்டுப் போலத்தான் தெரியும். நெஞ்சு சேற்றில் பட, லென்ஸ் தரையிலிருந்து ஒரு சாண் உயரத்தில் இருந்தால் அது தன் முழு உருவத்தோடு எதிரே நிற்கும். கண்ணில் வெளிச்சத்தின் ஒரு புள்ளி மினுங்கும். வெள்ளை வயிற்றின் இறகு விவரம் எரிந்துபோகாமல் இருக்க, கேமரா சொல்வதைவிடச் சற்றுக் குறைவான வெளிச்சத்துக்கு அமைத்துக்கொள்வேன். ஒன்பது மணிக்கெல்லாம் உப்பளத்தில் கானல் எழுந்துவிடும். அதன்பிறகு எவ்வளவு விலை உயர்ந்த லென்ஸாக இருந்தாலும் படம் நெளியும். அது பார்க்கும் நேரம், எழுதிக்கொள்ளும் நேரம்.

முதல் தடவை அப்படிப் படுத்துக் கிடந்தபோது, வரப்பில் மண் அணைத்துக்கொண்டிருந்த பெண்கள் வேலையை விட்டுவிட்டு ஓடிவந்தார்கள். "தம்பி, மயக்கமா? எந்திரி, தண்ணி தாரோம்" என்றார் மூத்தவர். உள்ளானைக் காட்டினேன். கேமராவின் துளைக்குள் ஒவ்வொருவராகப் பார்த்தார்கள். "இதுக்கா இம்புட்டுப் பாடு?" என்று கேட்ட அந்த அம்மா, கண்ணை எடுக்காமல் நெடுநேரம் பார்த்துக்கொண்டிருந்தார். "மூக்கு தையல் மிஷினு கணக்கால்ல போகுது" என்றார். உள்ளான் இரை தேடுவதை இதைவிட நன்றாகச் சொல்ல எனக்குத் தெரியவில்லை. அதன்பின் நான் போகும்போதெல்லாம் எந்த வரப்பில் எது நிற்கிறது என்று அவர்களே குரல் கொடுப்பார்கள். மழைக்காலத்தில் உப்பு விளையாது; தை பிறந்து வெயில் நிலைத்தால்தான் அவர்களுக்கு முழு வேலை. அந்த வேலை இல்லாத மாதங்கள்தான் பறவைகளின் மாதங்கள்.

அந்த மாதங்களில் கோடியக்கரைக்கு வருகிறவர்கள் பறவைகள் மட்டுமல்ல. ஐப்பசி தொடங்கிப் பங்குனிவரை மீன்பிடிப் பருவம். நாகை, காரைக்கால், புதுக்கோட்டை என்று பல ஊர்களிலிருந்து மீனவக் குடும்பங்கள் படகோடு வந்து, கடற்கரையில் கீற்றுக் கொட்டகை போட்டுத் தங்குகிறார்கள். காலாவும் வாவலும் நண்டும் ஏலம் போகும் இரைச்சல், கருவாடு காயும் வாடை, அதற்கு மேலே பழுப்புத்தலைக் கடற்காகங்கள். திபெத்து, மத்திய ஆசிய மலை ஏரிகளில் குஞ்சு பொரித்துவிட்டு வருபவை அவை. வலையிலிருந்து கழிக்கும் சிறுமீனுக்கு அவை அடித்துக்கொள்ளும்போது பக்கத்தில் போய் எடுக்கலாம்; மனிதரைப் பார்த்து மிரளாது. "எங்களோட வருது, எங்களோட போவுது" என்று ஒரு படகுக்காரர் என்னிடம் சொன்னார். நான் எடுத்த படங்களில் எனக்கு மிகவும் பிடித்தவை சில அந்தக் கொட்டகைகளின் முன்னால் எடுத்தவை. வலை பிரிக்கும் கைகளும் கடற்காகங்களும் ஒரே சட்டகத்துக்குள் இருக்கும்.

பூநாரையைப் பற்றிச் சொல்லாமல் விட முடியாது. எல்லோரும் அதற்காகத்தான் வருகிறார்கள். தலையைக் கவிழ்த்து, அலகைத் தலைகீழாகத் தண்ணீரில் அலைத்து, நீரை வடித்து இரையை மட்டும் வைத்துக்கொள்ளும் அந்த விதம் எத்தனை முறை பார்த்தாலும் வியப்புத்தான். காலால் சேற்றை மிதித்துக்கொண்டே ஒரே இடத்தில் வட்டமாகச் சுற்றும். சாம்பல் நிற இளம் பறவைகள் வெள்ளைக் கூட்டத்தின் நடுவே தனியாகத் தெரியும். ஆனால் பலருக்கு அது நின்று மேயும் படம் போதவில்லை. இறக்கை விரிந்தால்தான் உள்ளே இருக்கும் சிவப்பும் கறுப்பும் தெரியும் என்று கூட்டத்தை எழுப்புகிறார்கள். கைதட்டுகிறார்கள், வண்டியை வரப்பில் விரட்டுகிறார்கள், இப்போது டிரோனும் பறக்கவிடுகிறார்கள். எனக்கு இதில் ஆறாத கோபம் உண்டு.

கோபத்துக்குக் கணக்கு இருக்கிறது. பூநாரையோடு சேர்ந்து எழுவது அதன் காலடியில் மேயும் ஆயிரம் உள்ளான்களும்தான். கொசு உள்ளான் இந்தச் சேற்றில் மாசி, பங்குனி மாதங்களில் தின்று தின்று கொழுப்புச் சேர்க்கிறது. ஆர்க்டிக் வரையிலான பயணத்துக்கு அதுதான் எரிபொருள். வழியில் சில இடங்களில் இறங்கித் தின்னும் என்றாலும், கிளம்பும்போது போதிய எடை இல்லாத பறவைக்கு அந்தப் பயணம் ஆபத்தானது. ஆர்க்டிக்கில் கோடை சில வாரங்கள்தான். தாமதமாகப் போய்ச் சேர்ந்தால் முட்டையிட்டுக் குஞ்சு வளர்க்கக் காலம் போதாது. ஒருமுறை எழுப்பினால் ஒரு நிமிடம் பறந்துவிட்டு இறங்கிவிடுகிறதே என்று தோன்றும். காலையில் ஒரு கூட்டத்தை ஐந்து வண்டிகள் எழுப்புகின்றன. பங்குனியில் எடுக்கும் அந்தப் பறக்கும் படத்துக்கான விலையைச் சைபீரியாவின் டைமிர் தீபகற்பத்தில் பிறக்காமல் போன ஒரு குஞ்சு கொடுக்கிறது. தை பிறந்தபின் நான் சேற்றில் இறங்குவதில்லை. வரப்பிலேயே உட்கார்ந்து, அருகில் வருவதை மட்டும் எடுக்கிறேன். பொறுத்திருந்தால் வருகின்றன. அசையாமல் உட்கார்ந்திருக்கும் மனிதனின் கால் நுனிவரை மேய்ந்துகொண்டே வரும்.

2018 நவம்பர் 16 அதிகாலை கஜா புயல் எங்கள் கரையில் ஏறியது. வேதாரண்யம் பக்கத்துத் தென்னையும் மாவும் அடியோடு சாய்ந்தன. வாரக்கணக்கில் மின்சாரம் இல்லை. கோடியக்காட்டுக்குள் நடக்க வழியில்லாமல் பாலை மரங்கள் குறுக்கும் நெடுக்கும் விழுந்து கிடந்தன. மான்களும் காட்டில் திரிந்த குதிரைகளும் நிறையச் செத்தன. கொட்டகைகள் இருந்த கரையில் மணல் மட்டும் இருந்தது. அந்த மார்கழியில் நான் கேமராவோடு போனது பறவைக்காக அல்ல, சேதத்தைப் பதிவுசெய்ய. காவலர் ஒருவர் தன் வீட்டுக் கூரையும் போன நிலையில், சாய்ந்த மரத்துக்கு மேல் நின்று சதுப்பைக் காட்டினார். உப்புக்கொத்திகள் ஓடிக்கொண்டிருந்தன. அவர் எண்ணத் தொடங்கினார். சனவரிக் கணக்கெடுப்பு வரப்போகிறது, பழக்கம் விட்டுவிடக் கூடாது என்றார்.

சனவரியில் நடக்கும் ஆசிய நீர்ப்பறவைக் கணக்கெடுப்பு 1987இல் தொடங்கியது. நான் வேலை பார்க்கும் பள்ளியின் பிள்ளைகளை அழைத்துக்கொண்டு அதில் கலந்துகொள்வது என் குளிர்காலத்தின் பெரிய வேலை. பத்துப் பறவையை எண்ணி, அந்தப் பத்து எவ்வளவு இடம் அடைக்கிறது என்று கண்ணில் பதியவைத்து, அதைக் கொண்டு நூறு, அதைக் கொண்டு ஆயிரம் என்று கூட்டத்தை அளக்கக் கற்றுக்கொடுப்பேன். பிறகு படம் எடுத்து, கணினியில் புள்ளி புள்ளியாக எண்ணிச் சரிபார்ப்போம். பிள்ளைகளின் கணக்கு பெரும்பாலும் உண்மைக்குப் பக்கத்தில் இருக்கும். கணக்குச் சரியாக இருப்பதுதான் மனதை வருத்துகிறது. வளையம் மாட்டிய காலத்து ஆய்வாளர்கள் இங்கே கண்ட கூட்டங்களோடு ஒப்பிட்டால் கொசு உள்ளானும் பூநாரையும் வெகுவாகக் குறைந்திருக்கின்றன. சதுப்புக்கு வந்து சேரும் நன்னீர் குறைந்தது, உப்பளங்கள் பெருகித் தண்ணீரின் போக்கு மாறியது, புல்வெளியில் சீமைக்கருவேலம் ஏறியது, ஆர்க்டிக்கில் கோடை தாறுமாறானது என்று காரணங்கள் ஒன்றோடொன்று பின்னிக்கொண்டிருக்கின்றன. உப்பளத்தால் வளர்ந்தவன் நான். அதை எதிரியாக நிறுத்த மாட்டேன். முதல் இரண்டு பாத்திகளில் தண்ணீர் ஆழம் குறைவாக, சேறு தெரியும்படி வைத்திருந்தாலே பறவைகளுக்குப் பெரிய உதவி. எங்கள் பக்கத்தில் சிலர் அப்படி வைக்கிறார்கள். அந்தப் பாத்திகள்தான் சனவரியில் நிறைந்திருக்கின்றன.

டிஜிட்டல் கேமரா வந்தது எனக்கு வேறொரு கதவைத் திறந்தது. சிறுதலைக்காடு பக்கம் எடுத்த ஒரு சாதாரணக் கூட்டப் படத்தைப் பெரிதாக்கியபோது, ஒரு மணல் உப்புக்கொத்தியின் காலில் சிறிய கொடிபோன்ற பிளாஸ்டிக் பட்டையும் எழுத்தும் தெரிந்தன. பம்பாய்க் கழகத்துக்கு எழுதினேன். சில குளிர்காலங்களுக்கு முன்னால் இதே சதுப்பில் மாட்டியது என்று பதில் வந்தது. ஆண்டுதோறும் இமயத்துக்கு அப்பால் போய்விட்டு இதே சேற்றுக்குத் திரும்பிவரும் பறவை. அழகான படம் என்று எதைச் சொல்கிறோமோ அதையெல்லாம் நான் குறைத்துக்கொண்டது அதற்குப் பிறகுதான். இப்போது கால்களைப் படம் எடுக்கிறேன், முதுகைப் படம் எடுக்கிறேன்.

முதுகை எடுப்பதற்கு ஒரு காரணம் உண்டு. ஆகஸ்டில், வெயில் தணியாதபோதே, முதல் உள்ளான்கள் இறங்கிவிடும். அவை பெரியவை, கோடைச் செம்பழுப்பு நிறம் தேய்ந்து, இறகு நைந்து வரும். அந்த ஆண்டு பிறந்த இளசுகள் பின்னால், பெற்றவர்களின் துணையில்லாமல் வருகின்றன. போகும் வழியை அவற்றுக்குக் கூட இருந்து காட்ட யாரும் இல்லை. செப்டம்பர், அக்டோபரில் பார்த்தால் இரண்டையும் பிரித்துவிடலாம். இளம் கொசு உள்ளானின் முதுகில் தெளிவான வெள்ளைக் கோடு இரண்டு சேர்ந்து கவட்டை வடிவில் இருக்கும். இளம் வளைமூக்கு உள்ளானின் மார்பில் மங்கலான மஞ்சள் சாயல், முதுகில் செதில் செதிலாக வெளுத்த விளிம்பு. கார்த்திகைக்குள் புது இறகு முளைத்து எல்லாம் ஒரே சாம்பல் ஆகிவிடும், அதற்குள் எடுத்தாக வேண்டும்.

வளைமூக்கு உள்ளான் குஞ்சு பொரிப்பது சைபீரியாவின் ஆர்க்டிக் கரைகளில், டைமிர் பக்கத்தில்தான் அதிகம். அங்கே லெமிங் என்ற எலி பெருகும் ஆண்டில் பனிநரிகளுக்கு வயிறு நிறைந்துவிடும். உள்ளான் குஞ்சுகள் தப்பிக்கும். லெமிங் அற்றுப்போகும் ஆண்டில் நரிகள் கூடுகளைத் தேடித் தின்றுவிடும். அந்த ஆண்டு எங்கள் சேற்றில் இளசுகளைக் காண்பது அரிதாகிவிடும். மார்பில் மஞ்சள் படிந்த ஒரு பறவையைக்கூடக் காணாமல் செப்டம்பர் முழுக்கத் திரும்பி வந்ததும் உண்டு. ஆகவே பள்ளி விட்டு வந்து இரவுகளில் படங்களைப் பெரிதாக்கிப் பெரியது, இளசு என்று இரண்டு கோப்புகளாகப் பிரிக்கிறேன். முன்பு கணக்கெடுப்பில் என்னோடு நின்ற மாணவி ஒருத்தி, இப்போது கல்லூரியில் விலங்கியல் படிக்கிறாள், பாதியைத் தன் கணினியில் பிரித்துத் தருகிறாள். என் முடிவும் அவள் முடிவும் ஒத்துப்போகாத படங்களைத் தனியே வைத்து ஞாயிற்றுக்கிழமை சேர்ந்து பார்க்கிறோம். இந்த ஆண்டுப் படங்களை இன்னும் முடிக்கவில்லை. இதுவரை பிரித்த கூட்டங்களில் இளசுகள் நிறைய. டைமிரில் இந்தக் கோடையில் லெமிங்குகள் பெருகியிருக்க வேண்டும் என்கிறாள் அவள்.